பாலிடெக்னிக் பார்த்தாச்சா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் எங்கள் தெருவில் இரண்டே கேள்விகள்தான். நல்ல மார்க் என்றால், "எந்த குரூப்?" சுமார் என்றால், "பாலிடெக்னிக் பார்த்தாச்சா?" இரண்டாவதைக் கேட்கும்போது மட்டும், துக்கம் விசாரிக்க வந்தவர்போல் குரல் தாழ்ந்துவிடும்.

அப்படி என்ன குறைச்சல்? மூன்று வருடம், ஆறு செமஸ்டர். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து இரும்பை ராவ வேண்டும், லேத்தில் நிற்க வேண்டும். சாண்ட்விச் டிப்ளமோ என்றால் மூன்றரை வருடம். நடுவே தொழிற்சாலைக்கே அனுப்பிவிடுவார்கள். டிராயிங்கும் படிக்கத் தெரிந்து, மெஷினிலும் கைவைக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் எந்தப் பட்டறை ஓடும்?

இந்த விஷயத்தில் நான் ஜி.டி.நாயுடு கட்சி. 1945-இல் கோவையில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமானவர் அவர். முதல்வராகவும் இருந்தார். இன்ஜினியரிங் படிக்க நான்கு வருடம் வீண், இரண்டே போதும் என்றார். சொன்னதோடு விடாமல் ரேடியோ, ஆட்டோமொபைல் பாடங்களைக் குறுகிய காலத்தில் நடத்தியும் காட்டினார். அரசு மசியவில்லை; மனிதர் பதவியை உதறிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடம் என்பது கொஞ்சம் அவசரம்தான், இருந்தாலும் அந்தக் கோபம் நியாயமானது.

இப்போது டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். நல்ல ஏற்பாடு. பிளஸ் டூ வழியாகப் போனாலும் ஆறு வருடம், இந்த வழியிலும் ஆறு வருடம், நஷ்டமே இல்லை. ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, டிப்ளமோவை பி.இ.க்குப் போகும் சந்தாக்கிவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் வேலைக்கு டிப்ளமோ இருந்தாலே போதும். பி.இ. முடித்தவர்களும் அதே பரீட்சைக்குத்தான் உட்காருகிறார்கள்.

கம்பெனிகளும் யோக்கியமில்லை. ஒரு வருடம் அப்ரண்டிஸ் என்று வைத்துக்கொள்வது, முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த பேட்சை எடுப்பது. நிலைத்தவருக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் புரமோஷன் கிடையாது. முப்பது வருட அனுபவசாலி, நேற்று வந்த பி.இ. பையனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு அவனையே "சார்" என்று கூப்பிட வேண்டும். இதை மாற்றாமல் "திறன் மேம்பாடு" என்று மேடையில் பேசிப் பயனில்லை.

பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒன்று. வாசலில் இருக்கும் பிளேஸ்மென்ட் பேனரைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒர்க் ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் இரும்புச் சுருளும் இருந்தால் ஃபீஸ் கட்டுங்கள். தூசி படிந்திருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.