பைல் கட்டு இல்லாமல் மட்டக்களப்புக்கு

மாரி தொடங்கினால் எங்கள் பகுதியில் பேசுவதற்கு மூன்று விடயங்கள்தான். பெரும்போகத்துக்கு மழை காணுமா, எந்த வீதியில் வெள்ளம் ஏறியிருக்கிறது, யாருடைய வீட்டில் டெங்கு. இந்த மூன்றுக்கும் நடுவில், "நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாளைக்கு மட்டக்களப்புக்குப் போய்ட்டு வாறம்" என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு ராத்தாவின் முகம் மாறிவிட்டது.

"அல்லாஹ்வே, யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல ராத்தா. சும்மா."

"சும்மா போறதுக்கு ஏன் ரெண்டு நாள்? ஸ்கேன் எடுக்கவா?"

சகோதரிகளே, இந்த மாதம் எழுதுவதற்கு வேறொரு விடயம் வைத்திருந்தேன். ராத்தாவின் கேள்வி அதைத் தள்ளிவிட்டது. அவரில் பிழை இல்லை. மட்டக்களப்பு நகரத்துக்கு நான் போன பயணங்களை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். முதல் தடவை 1989இல், கலியாணப் பிடவை எடுக்க உம்மாவோடு போனேன். அதற்குப் பிறகு போனதெல்லாம் பைல் கட்டோடுதான். காணாமல் போன தம்பியைத் தேடி ஒரு பைல். மகளுக்கு நெஞ்சில் ஓட்டை என்று சொன்னபோது இன்னொரு பைல். சுனாமிக்குப் பிறகு இறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் என்று ஈரம் காயாத கடதாசிகளைச் சொப்பிங் பைக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி எந்த வாசலால் போவது, எந்த அலுவலகத்தில் எத்தனையாம் கவுண்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்த நகரத்தின் வாவிக் கரையில் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை.

உங்களில் பலருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

யோசனை மகளுடையது. "உம்மா, நீங்களும் வாப்பாவும் ஆஸ்பத்திரிக்கில்லாம ஒரு இடத்துக்கும் சேர்ந்து போனதில்லையே" என்றாள். மகளின் வாப்பா முதலில் சம்மதிக்கவில்லை. சல்லியைக் கொண்டுபோய்க் கொட்டுவதா என்றார். வட்டையில் பசளை எறிந்து முடிந்திருந்தது. மாசி அறுவடை வரைக்கும் காவல்தான். அதை மருமகன் பார்ப்பார். என்னுடைய சீட்டும் விழுந்திருந்தது. சாட்டுச் சொல்ல அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சீட்டுக் காசு என்று சொன்னதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். இப்படியான பயணத்துக்கு ஒருபோதும் கிழமைக் கடன் எடுக்காதீர்கள். கடன் அறவிட வருகிறவருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த பெண்களை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன். சிறுகச் சேர்த்தது இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் ஒரு பகல் மட்டும் போய் வாருங்கள். சோற்றுப் பார்சலை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். மாரியில் நாளும் பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்று மத்ரஸா மாணவர்கள் பலியானதை நாங்கள் மறக்கவில்லை. மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்த பிறகுதான், தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், சுபஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். யன்னல் பக்கத்தை அவர் எனக்குத் தந்தார். பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை கழிந்து கல்லாறு வந்ததும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் வீதி ஓடுகிறது. மாரித் தண்ணீரில் வாவி கரை தெரியாமல் கிடந்தது. கடல் பக்கம் நான் பார்க்கவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது எனக்குப் பழக்கமாகிப் போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல் அல்லவா.

களுவாஞ்சிகுடியில் பஸ் நிறைந்துவிட்டது. கைப்பிள்ளையோடு ஏறிய ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இருக்க இடமில்லை. "அம்மா, இவன கொஞ்சம் வெச்சிருங்க" என்று பிள்ளையை என் மடியில் தந்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். களுதாவளையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் தெரிந்தபோது பிள்ளை நித்திரையாகிவிட்டது.

அடுத்து வருவது குருக்கள்மடம் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லவில்லை.

இளம் வாசகிகளுக்காக ஒரு வார்த்தை. 1990 ஜூலையில் இந்த வீதியால் பயணம் செய்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். மக்காவுக்குப் போய் ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுது நின்றவர்களில் 100க்கு மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள், குழந்தைகளோடு. எல்லாம் ஒரே ஆண்டின் மூன்று மாதத்துக்குள் நடந்தவை. அதற்குப் பிறகு இந்த வீதியில் பயணம் செய்ய எங்கள் ஆண்கள் பயந்தார்கள். எங்கள் பக்கம் சந்தைக்கு வர அந்த ஊர்ப் பெண்கள் பயந்தார்கள். 2002 யுத்தநிறுத்தத்தோடுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. பிறகு 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறு பிள்ளைகளும் இறந்தார்கள். ஐந்து நாளில் சாய்ந்தமருதிலும் வெடித்தது. அந்த ஆண்டு முழுவதும் நான் ஹபாயாவோடு பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

குருக்கள்மடத்தைத் தாண்டும்போது அவருடைய உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. பிள்ளை என் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கியது. அதன் தலை நழுவாமல் பிடித்துக்கொண்டு நானும் ஓதினேன். ஆரையம்பதியில் இறங்கும்போது அந்தப் பிள்ளை, "நல்லா நித்திர கொண்டுட்டான், கை உளைஞ்சிருக்கும் அம்மா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கல்லடியில் ஒரு சிறிய விடுதியில் அறை எடுத்தோம். புத்தகத்தில் பெயர் எழுதிய தம்பி, "ஆஸ்பத்திரிக்கா வந்தீங்க?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. கடற்கரைப் பக்கம் நல்ல காற்று வரும் என்று அந்தத் தம்பி சொன்னபோது, வாவிப் பக்கம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து நாவலடியைச் சுனாமி என்ன செய்தது என்று கல்லடிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காந்தி பூங்காவுக்குப் போனோம். வாவி ஓரத்து வாங்கில் இருந்து நாங்கள் கச்சான் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். என்னைவிட மூத்தவர். படுவான்கரைப் பக்கத்திலிருந்து வந்தவராம். மடியில் நீல நிற பைல்.

"தங்கச்சி எந்த ஊர்?"

"கல்முனை அக்கா."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?"

இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பைலைப் பார்த்துக்கொண்டு, "சும்மா பார்க்க வந்தம்" என்று சொல்ல வெட்கமாகக்கூட இருந்தது. அவருடைய கணவர் 1990இல் போனவர். மகன் 2007இல். மகனுடைய காரியமாகத்தான் காணாமல் போனோர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். எத்தனை தரம் வந்தோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டாராம். என் தம்பியைப் பற்றி நானும் சொன்னேன். கச்சானில் ஒரு கை அவருக்குக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மூவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சும்மா வந்தது நல்லம் தங்கச்சி," என்றார் பிறகு. "நானும் இந்த டவுனுக்கு எத்தின வருசமா வாறன். கச்சேரி கோட்டைக்குள்ள இருந்த நேரம் கையெழுத்துக்கு எத்தின நாள் போயிருப்பன். ஒரு நாளும் கோட்டைய பார்க்கல்ல."

அவருடைய பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நடந்து போகும் தூரம்தான். மூவருமாகப் போனோம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அது. பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். மதில் ஓரத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டு, "இவ்வளவு தடிப்பாக் கட்டியும் பத்து வருசம்தான் வெச்சிருந்திருக்கிறான்" என்று என் கணவர் சொல்ல, அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பைலை அப்போது நான் வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்தில் பிரியும்போது ஒருவருக்கொருவர் தொலைபேசி இலக்கம் கொடுத்தோம்.

இணையர் பயணம் பற்றி எழுதினால், "கூடப் போக ஆள் இல்லாத நாங்கள் என்ன செய்வது" என்று கேட்டு உங்களில் சிலர் கடிதம் போடுவீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள் அல்லது இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். அந்த அக்காவோடு போன அந்த ஒரு மணித்தியாலத்தை உங்களுக்காகத்தான் இவ்வளவு விபரமாக எழுதினேன். ராத்தா, தங்கச்சி, மகள், அடுத்த ஊரில் இருக்கும் சினேகிதி, யாராவது ஒருவர் போதும். அலுவல் முடிந்த பிறகு கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள்.

மஃரிபுக்குப் பிறகு கல்லடிப் பாலத்துக்குப் போனோம். 2013இல் திறந்த புதிய பாலத்தின் பக்கத்தில் ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. ஆளுநராக இருந்த மனிங்கின் மனைவியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். தூறல் விழுந்தது. ஒரு குடைக்குள் இரண்டு பேர். இந்த வயதில் இப்படிப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்களை யாரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை.

நடுப் பாலத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "புள்ள, உனக்கு ஞாபகமா? கலியாணம் முடிச்ச புதுசில மீன் பாடுறத கேட்கக் கூட்டிட்டு வாறன் எண்டு சொன்னன்."

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னால் பொய். 1990இல் ஹஜ்ஜுப் பெருநாள் கழியப் போவம் என்று சொல்லியிருந்தார். அதற்கென்று தகரப் பேணியில் சல்லியும் சேர்த்தார். ஜூன் மாதம் சண்டை தொடங்கிவிட்டது. ஜூலையில் அந்தச் செய்தி வந்தது. பேணியில் இருந்த சல்லிக்கு அரிசி வாங்கினோம். அதன் பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இப்ப கேட்குமா?" என்றேன்.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த முதியவர் எங்களுக்காகப் பதில் சொன்னார். மாரியில் வாவி பெருகி ஓடும்போது கேட்காதாம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான், அதுவும் நிலவு நாளில், காற்றடங்கிய இரவில், தோணியில் போக வேண்டும். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் தந்தி மீட்டுவது போல வருமாம். 1950களில் லாங் அடிகளார் என்ற அமெரிக்க யேசு சபைத் துறவி அதை ஒலிப்பதிவும் செய்திருக்கிறார். கதை இல்லை, உண்மைதான்.

"மீனுக்கும் மாரிக்கு லீவு போல," என்றார் அவர். ஏமாற்றத்தை மறைக்கச் சொன்னது என்று எனக்கு விளங்கியது. குடையை அவர் பக்கம் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன்.

அடுத்த நாள் வரும் வழியில் காத்தான்குடியில் இறங்கினோம். வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கும் ஊர். நூதனசாலையில் அந்தக் காலத்து முஸ்லிம்களின் வாழ்க்கையை உருவங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மூத்தம்மாவின் வீட்டில் கிடந்த மாதிரியான சாமான்களைக் கண்டு நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். கால் உளைவு என்று அவர் வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடித்தார். பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை, ராத்தாவுக்குக் கொஞ்சம் பேரீச்சம்பழம். அஸருக்கு வீட்டில் நின்றோம்.

பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்ட ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மறைக்காமச் சொல்லு. டொக்டர் என்ன சொன்னார்?"

"சித்திரையில திரும்ப வரச் சொன்னார் ராத்தா," என்றேன்.