குப்புசாமிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆகாது

மூன்று மாதம் முன்பு எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஆசாமி வந்து சேர்ந்தான். வட்ட முகம். உயரம் நாலு அங்குலம். கை கிடையாது. வாய் வயிற்றில். நாள் முழுக்க சுவரோரமாக உட்கார்ந்து கரண்ட் குடிப்பான். தினம் ஒரு தடவை எழுந்து வீட்டைப் பெருக்கி, பின்னாலேயே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் சமர்த்தாகத் தன் இடத்துக்கே போய் உட்கார்ந்துவிடுவான். டீ கேட்க மாட்டான். பொங்கலுக்குப் புடவை கேட்க மாட்டான். விலை ரூ.24,000.

குப்பை அள்ளுகிற சாமி என்பதால் 'குப்புசாமி' என்று அம்மா பெயர் வைத்தாள். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமனார் பெயரும் அதுதான். சமாதான உடன்படிக்கையின்படி, மாமனார் வரும் நாட்களில் மட்டும் அவனை 'அது' என்று கூப்பிடுவதாக முடிவாயிற்று.

நான் ஆபீஸில் கணக்குப் பிரிவு. எதையும் எக்ஸெல்லில் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. போட்டேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மாதம் ரூ.3,500. பாத்திரம், பெருக்குவது, துடைப்பது எல்லாம் சேர்த்து. ஞாயிறு லீவு. பெருக்கித் துடைப்பதைக் குப்புசாமி பார்த்துக்கொள்வான் என்றால் ரூ.1,200 குறைக்கலாம். 24,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் 20. இருபதே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம்!

மனைவியிடம் காட்டினேன். "அப்படியா?" என்றாள். அவள் 'அப்படியா'வுக்குப் பல அர்த்தம் உண்டு. அன்றைக்கு எனக்கு ஆராய நேரமில்லை.

அக்காவிடம் நானே பேசினேன். "இனிமே பெருக்கித் துடைக்கறதை இது பார்த்துக்கும். நீங்க பாத்திரம் மட்டும் தேய்ச்சா போதும். அதனால..."

"அதனால எவ்ளோ சார்?"

"1,200 குறைச்சுக்கலாம்னு..."

அவர் குப்புசாமியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி சார்" என்றார். அவ்வளவுதான். ஆபீஸில் மேனேஜரிடம் தினமும் நானும் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறேன். அதற்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

தினமும் காலை 10.30-க்குத் தானாகக் கிளம்பும்படி செல்போனில் ஏற்பாடு செய்தேன். அந்நேரம் மனைவி பாங்கில் இருப்பாள், பையன் பள்ளிக்கூடத்தில், நான் ஆபீஸில். வீட்டில் அம்மா மட்டும். 11.30 வாக்கில் என் போன் 'டிங்' என்னும். 'சுத்தம் முடிந்தது. 44 சதுர மீட்டர். 52 நிமிடம்.' கூடவே எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்டின் வரைபடம், அவன் போன பாதை முழுக்க வெள்ளைக் கோடாக. அதைக் காட்டாத ஆள் ஆபீஸில் பாக்கியில்லை. டீ கொண்டுவரும் பையன்கூடப் பார்த்துவிட்டான்.

"ஒரு தடவைகூட மாட்டிக்கலையா சார்?" என்று கேட்டார், பக்கத்து சீட் நண்பர். அவரும் ஒன்று வாங்குகிற உத்தேசத்தில் இருந்தார்.

"ஒரு தடவைகூட!" என்றேன், என்னமோ நானே சக்கரம் வைத்துப் பெருக்கின மாதிரி.

ஆனால் இது திங்கள் முதல் சனி வரைதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் குப்புசாமிக்குப் புத்தி பிசகிவிடும். முதல் ஞாயிறு, என் செல்போன் சார்ஜர் ஒயரை நூடுல்ஸ் மாதிரி உறிஞ்சிக்கொண்டு நின்றான். இரண்டாவது ஞாயிறு, பையனின் சாக்ஸ். மூன்றாவது ஞாயிறு பாத்ரூம் மிதியடியை இழுத்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போனான். நாலாவது ஞாயிறு உச்சகட்டம். பால்கனிக் கொடியிலிருந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்த என் வேட்டியின் நுனியைப் பிடித்து இழுத்து, வேட்டி மொத்தமும் அவன் மேல் விழ, வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் உதவி கேட்டு இங்கிலீஷில் புலம்பிக்கொண்டே ஹாலைச் சுற்றி வந்தது. பையன் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டான்.

வார நாளில் உத்தமன், ஞாயிற்றுக்கிழமை உதவாக்கரை. இது என்ன வியாதி?

ஆபீஸில் ஒரு மாநாடே நடந்தது. "ஞாயிறு ராகுகாலம் நாலரை டு ஆறு. அந்த நேரத்துல விட்டீங்களா?" என்றார் ஒருவர். இல்லை, அதே 10.30. "ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டிலேயும் வாஷிங் மெஷின் ஓடும். வோல்டேஜ் கம்மி" என்றார் இன்னொருவர். பாட்டரியில் ஓடுகிற மெஷினுக்கு வோல்டேஜ் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கம்பெனிக்கு போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் சார்" என்றாள்.

சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று படிக்க உட்கார்ந்தேன். சுவாரஸ்யமான சமாசாரம்தான். தூசை ஊதித் தள்ளாமல் உறிஞ்ச வேண்டும் என்று யோசித்து, மோட்டார் வைத்த வாக்குவம் க்ளீனரை இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் செய்தது 1901-ல். அது குதிரை வண்டி சைஸுக்கு இருந்தது. தெருவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டுப் பெருக்குவார்கள். சரியாக நூறு வருஷம் கழித்து, 2001-ல், ஸ்வீடனின் எலெக்ட்ரோலக்ஸ், ஆளில்லாமல் தானே பெருக்கும் 'ட்ரைலோபைட்'டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே அமெரிக்காவின் ஐரோபோட் கம்பெனியின் 'ரூம்பா'. அதைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ரோட்னி புரூக்ஸ் அப்போது எம்.ஐ.டி. பேராசிரியர். ரோபோட்டுக்குப் பெரிய மூளை எதற்கு, பூச்சி மாதிரி இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. ஆரம்ப ரூம்பாக்கள் அப்படித்தான். முட்டும், திரும்பும், மறுபடி முட்டும். எங்கள் ஆபீஸ் மீட்டிங் மாதிரி. சுற்றிச் சுற்றி எப்படியோ வேலை முடிந்துவிடும்.

குப்புசாமி அடுத்த தலைமுறை. அவன் உச்சந்தலையில் ஒரு சின்னக் கோபுரம். அதற்குள் லேசர் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். ஒளி சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்து தூரத்தைக் கணக்கிட்டு, வீட்டுக்கு வரைபடம் போட்டுக்கொள்கிறான். கோளாறு எங்கே என்றால், கண் இருப்பது தலை உச்சியில். அந்த உயரத்தில் இருக்கும் சுவர், பீரோ, நாற்காலிக் கால் எல்லாம் தெரியும். அதற்குக் கீழே தரையோடு தரையாகக் கிடக்கும் ஒயரும் சாக்ஸும் தெரியாது. கேமராவும் வைத்த உயர்ந்த ரகம் அதையும் கண்டுகொள்ளுமாம். நம் பட்ஜெட்டுக்கு அது வராது.

ஆக, ஞாயிறு ஏன் மாட்டிக்கொள்கிறான் என்பது புரிந்துவிட்டது. புரியாதது, மற்ற ஆறு நாள் ஏன் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான். புதன்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் ஒயர்கள் தரையில் கிடக்காதா என்ன?

அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் எழுதிய கட்டுரை ஒன்றும் கண்ணில் பட்டது. இந்த மெஷின் வாங்கியவர்கள் அதற்குப் பெயர் வைக்கிறார்களாம். அதன் சௌகரியத்துக்காக வீட்டையே ஒழித்து, சாமான்களை மாற்றி வைக்கிறார்களாம். படித்துச் சிரித்தேன். 'பைத்தியக்காரர்கள்! நாம் பெயர் வைத்ததோடு சரி' என்று நினைத்துக்கொண்டேன். விடை அந்த வரியில்தான் இருந்தது. நான்தான் தாண்டிப் போய்விட்டேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஜுரம். லீவு போட்டுவிட்டு, பெட்ரூமில் போர்த்திப் படுத்திருந்தேன். 10 மணிக்கு அக்கா வந்தார். கதவு இடுக்கு வழியாக ஹால் தெரிந்தது.

அவர் சமையலறைக்குப் போகவில்லை. முதலில் ஹாலுக்குத்தான் வந்தார். புடவையைத் தூக்கிச் செருகினார். டைனிங் டேபிள் நாற்காலிகள் நாலையும் தலைகீழாக மேஜை மேல் கவிழ்த்தார். ஜமக்காளத்தைச் சுருட்டினார். என் சார்ஜர் ஒயரைச் சுற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினார். பையனின் க்ரேயான், சாக்ஸ், கோலிக்குண்டு, அம்மாவின் செருப்பு, நான் உதறிய பேப்பர் எல்லாவற்றையும் குனிந்து குனிந்து எடுத்தார். மிதியடிகள் சோபா மேல் ஏறின. கொடியில் தொங்கிய வேட்டியை மேலே தூக்கிப் போட்டு க்ளிப் குத்தினார். சரியாக 10.30. குப்புசாமி ராஜா மாதிரி புறப்பட்டான்.

அவன் போன பிறகு அக்கா ஒரு துணியை நனைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்து துடைத்தார். அங்கே ஒரு கருப்பு கிரானைட் பட்டை உண்டு. குப்புசாமியின் வயிற்றுக்கடியில், படியில் விழுந்துவிடாமல் இருக்க, தரைக்கு ஒளி அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. கருப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடும். அவனைப் பொறுத்தவரை அது பாதாளம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா இரண்டாம் நாளே கண்டுபிடித்திருக்கிறார்.

எல்லாம் முடிந்து அவன் வந்து உட்கார்ந்ததும், அவனைத் திருப்பிப் போட்டு, பிரஷ்ஷில் சுற்றியிருந்த தலைமுடியை பிளேடால் அறுத்து எடுத்தார். குப்பையைக் கொட்டினார். துடைக்கும் துணியைக் கசக்கிக் காயப்போட்டார். தண்ணீர் ரொப்பினார்.

எழுந்து வெளியே வந்தேன். திடுக்கிட்டார்.

"இதெல்லாம் தினமுமா அக்கா?"

"அது கண்ணு தெரியாத கொழந்தை மாரி சார். முன்னாடி போயி வழி பண்ணிக் குடுத்தாத்தான் போவும்."

"ஏன்? உங்களைப் பாத்திரம் மட்டும்தானே பார்க்கச் சொன்னேன்?"

அவர் ஊஞ்சலில் இருந்த அம்மாவைப் பார்த்தார். "மொத நாளே சோபா அடியில மாட்டிக்கினு கத்துச்சு சார். நான் பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்தேன். வந்து பார்த்தா பெரியம்மா தரையில குனிஞ்சு இழுத்துக்கினு இருக்காங்க. முட்டி ஆபரேஷன் பண்ணவங்க. எழுந்துக்க முடியல. நான்தான் தூக்கி விட்டேன்."

எனக்கு ஜுரம் இறங்கிவிட்டது போலிருந்தது. வேறு ஏதோ ஏறியது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"புதுசா வாங்கி சந்தோஷமா இருந்தே. எதுக்குடா கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றாள் அம்மா. "நீயும் எப்படி ஓடறதுன்னுதான் கேட்டே. யார் ஓட்டறான்னு கேக்கலையே!"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். பழக்க தோஷம். முன்பெல்லாம் பெருக்கித் துடைக்க அக்காவுக்கு 40 நிமிடம் ஆகும். இப்போது முன்னால் 20, பின்னால் 15, ஆக 35. மிச்சம் 5 நிமிடம். அந்த 5 நிமிடத்துக்காக நான் வெட்டியது ரூ.1,200. 'ரோபோட்' என்ற வார்த்தையை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் காரல் சாபெக்கின் 1920-ம் வருஷத்து நாடகம். அவர்கள் பாஷையில் 'ரொபோதா' என்றால் கட்டாய உழைப்பு. எங்கள் வீட்டில் அந்த வேலையை 24,000 ரூபாய் ஆசாமி செய்யவில்லை.

ராத்திரி மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "பழைய சம்பளமே குடுத்துடலாம்" என்றேன்.

"பாக்கி? ரெண்டு மாசம். 2,400" என்றாள், நிமிராமல். இந்த அம்மாளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது! 'அப்படியா'வின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலை கவரைக் கொடுத்தேன். "இனிமே பழையபடி 3,500. இது ரெண்டு மாச பாக்கி."

"சரி சார்" என்றார் அக்கா. அதே இரண்டு வார்த்தை. ராகம் வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே களத்தில் இறங்கினேன். எண்ணிக்கொண்டே வந்தேன். மொத்தம் 31 தடவை குனிந்தேன். பத்தாவதில் முதுகு 'க்ளுக்' என்றது. இருபதில் பையனைக் கூப்பிட்டேன், ஓடிவிட்டான். இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து ஏழு வருஷமாகிறது. அதன் தரையை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதில் கிடந்ததில் முக்கால்வாசி என்னுடைய சாமான்கள்.

குப்புசாமி கிளம்பினான். ஒரு இடத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை. 52 நிமிடத்தில் 'டிங்'. ஆக, ராகுகாலத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை.

அம்மா ஊஞ்சலில் இருந்தபடி கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் அடியில் புகுந்து போவதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து சீட் நண்பர் திங்கட்கிழமை கேட்டார். "என்ன சார், நானும் வாங்கலாமா? எத்தனை மாசத்துல காசு திரும்பும்?"

எக்ஸெல்லைத் திறந்தேன். மாத மிச்சம் என்ற கட்டத்தில் 1,200-ஐ அடித்துவிட்டு 0 போட்டேன். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டது.

"வாங்குங்க சார்" என்றேன். "ஆனா முதல்ல ஒரு வாரம், மெஷின் இல்லாமலே தினம் 31 தடவை குனிஞ்சு பாருங்க."