மாதர் நலம்: படத்தில் தெரியாத கட்டி

சென்ற திங்கள் நம் பங்காருபாளையத்துச் சகோதரி ஒருவர், தம் கணவர் வாயிலாக ஒரு காகிதத்தை என்னிடம் அனுப்பியிருந்தார். மார்பக எக்ஸ்ரே பரிசோதனையின் அறிக்கை அது. ஆங்கிலத்தில் இருந்தமையால் படித்துச் சொல்லும்படி வேண்டினார். அவருடைய இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன், பெயர் வேண்டாம். கட்டி எதுவும் காணப்படவில்லை என்பது முதல் வரி. மார்பகத் திசு அடர்த்தி மிக்கது, 'சி' வகை என்பது அடுத்த வரி. முதல் வரியைக் கேட்டவுடனேயே வீட்டார் மகிழ்ந்து காகிதத்தை மடித்து வைத்துவிட்டனர். ஆனால் விரலுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டதனால் அன்றோ அந்தப் படமே எடுக்கப்பட்டது! கட்டி அங்கேயேதான் இருக்கின்றது.

ஆடவனாகிய நான், அதிலும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட ரயில்வே குமாஸ்தா, இதைப்பற்றி எழுதுவது சிலருக்குக் கூச்சம் தரலாம். எனினும் நம் வீடுகளில் இத்தகைய காகிதங்களைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் ஆடவரே. அவர்களும் இரண்டாவது வரியின் பொருளை அறிதல் வேண்டும்.

மார்பகத்தில் கொழுப்பும் உண்டு; பால் சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் கொழுப்பு கருமையாகவும் மற்ற இரண்டும் வெண்மையாகவும் தோன்றும். புற்றுக் கட்டியும் வெண்மையாகவே தோன்றும். வெண்மைக்குள் வெண்மை மறைந்துவிடும் என்பதே தொல்லை. இந்த அடர்த்தியை 'ஏ' முதல் 'டி' வரை நான்கு வகையாகக் குறிப்பர். 'சி', 'டி' இரண்டும் அடர்த்தி மிக்கவை. கையால் தொட்டு இதனை அறிய இயலாது. இது ஒரு நோயும் அன்று. நாற்பதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு உண்டு. புற்று வரும் வாய்ப்பை ஓரளவு கூட்டுகின்றது என்பதும் உண்மையே.

மூடுபனியில் கைகாட்டி தெரியாதெனில், தண்டவாளத்தின்மேல் வெடி வைத்து ஓசையால் டிரைவரை எச்சரிப்பது ரயில்வே வழக்கம். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் கைகாட்டியே இல்லை என்று எவரும் வண்டியை விடுவதில்லை.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நான்சி கபெல்லோ என்னும் அம்மையார் ஆண்டுதோறும் தவறாது படம் எடுத்து வந்தவர். குறையேதும் இல்லை என்றே அறிக்கைகள் கூறின. 2004-ல் அவருக்கு முற்றிய நிலையில் புற்று வெளிப்பட்டது. அடர்த்தியைப் பற்றி அதுவரை எவரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் போராடியதன் பயனாக 2009-ல் அம்மாநிலத்தில் சட்டம் பிறந்தது. 2024 செப்டம்பர் முதல் அந்நாடு முழுவதும் இதனைப் பெண்ணுக்கே தெரிவித்தாக வேண்டும் என்பது விதி.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கே பலருக்கு ஐம்பதுக்கு முன்னரே இந்நோய் காண்கின்றது. இளவயதில் அடர்த்தியும் மிகுதி. ஆகவே படம் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-ல் தொடங்கி ஒன்றரை இலட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் கவனித்தனர். ஒரு பாதியினரைப் பயிற்சி பெற்ற பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021-ல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டோரில் ஐம்பதைக் கடந்தவரிடையே இந்நோய் மரணம் நூற்றுக்கு ஏறக்குறைய 30 குறைந்தது. அவ்வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடையே மரணம் குறையவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

கட்டி ஏதுமின்றி அடர்த்தி மட்டும் இருப்பின் அஞ்ச வேண்டுவதில்லை. அல்ட்ராசவுண்டு பரிசோதனை மறைந்த கட்டியைக் காட்டலாம். வீண் கலக்கத்தையும் ஊசிப் பரிசோதனையையும் கொண்டுவரலாம். தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் இருந்ததுண்டா என்பதையும் சொல்லி, மருத்துவருடன் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். கட்டி இருப்பின், அல்லது தோல் குழிந்தாலும், காம்பு புதிதாக உள்ளிழுத்தாலும், இரத்தம் கசிந்தாலும், படம் என்ன சொன்னபோதிலும் மேலே சோதித்தே ஆகவேண்டும்.

திருப்பதியில் 2022-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டுள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவே. மொழிக்கும் அஞ்ச வேண்டா. கட்டியைத் தெலுங்கர் 'கட்ட' என்பர், அவ்வளவே.

நம் சகோதரி சென்ற வியாழனன்று மாமியாருடன் திருப்பதிக்குப் பஸ் ஏறினார். அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்ததாம். ஊசி போட்டுத் திசு எடுத்திருக்கின்றனர். இவ்விதழ் அச்சுக்குச் செல்லும் இன்று வரை முடிவு வரவில்லை.