வுதர் என்றொரு வினை, மலைபடுகடாம் என்றொரு தலைப்பு

ஆங்கிலத்தில் "வுதர்" என்று ஒரு வினைச்சொல் உண்டு. காற்று உறுமிக்கொண்டு வீசுவதைச் சொல்வது. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பக்கத்துப் பேச்சு வழக்கு. எமிலி பிராண்டி 1847-ல் "வுதரிங் ஹைட்ஸ்" நாவலை வெளியிட்டபோது, வெளியூர் வாசகனுக்கு இது புரியாது என்று தெரிந்தோ என்னவோ, முதல் அத்தியாயத்திலேயே லாக்வுட் வாயால் அதற்கு விளக்கம் சொல்ல வைத்துவிட்டார். அந்த நாவல் இல்லையென்றால் இன்று அந்தச் சொல்லை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஒரு தலைப்பு, ஒரு வட்டாரச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டு போய்விட்டது.

மலையின் சத்தத்தையே பெயராக வைத்த புத்தகம் தமிழில் இல்லையா என்றால், எமிலிக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே இருக்கிறது. மலைபடுகடாம்!

பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார். செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. "படு" என்றால் இன்று நமக்குப் படுத்துத் தூங்குவதுதான் ஞாபகம் வரும் (அல்லது "படு மோசம்"). பழந்தமிழில் அந்த வினைக்கு வேலை அதிகம். சூரியன் மறைந்தாலும் படும், பறை ஒலித்தாலும் படும், ஒன்று புதிதாகத் தோன்றினாலும் படும். கடாம் என்பது யானையின் மதநீர். மலையை யானையாக்கி, அதில் பிறக்கும் ஓசையை மதமாக்கி வைத்த பெயர் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. வுதரில் காற்று மட்டும்தான். இங்கே மலையே மதம் பிடித்து நிற்கிறது.

அந்த ஓசைகள் என்னென்ன என்று புலவர் வரிசையாகச் சொல்லும் இடம்தான் பாட்டின் உயிர். அருவி விழும் சத்தம். புலி கிழித்த கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு. வேங்கைப்பூ பறிக்கும் பெண்கள் "புலி, புலி" என்று போடும் கூச்சல். பள்ளத்தில் விழுந்த குட்டிக்காக மந்தி அழுவது. தினை குத்தும் வள்ளைப்பாட்டு, கரும்பு ஆலை இரைச்சல்... காதால் மட்டுமே ஒரு மலையைக் காட்டிவிடுகிறார்.

2019-ல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் மலைபடுகடாம் பாடமாக இருந்தது. எடுத்தது விருந்தோம்பல் பகுதி. நல்ல பகுதிதான், குறை இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குக் காரணமான ஓசைகளை விட்டுவிட்டுப் பெயர்க்காரணத்தை மட்டும் படிக்கச் சொன்னால் அது வெறும் இரண்டு மார்க் கேள்வியாகத்தான் போகும். போய்க்கொண்டும் இருக்கிறது.

பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. அது பிறப்பது ஜவ்வாது மலையில். பாட்டின் நவிரமலையைப் பக்கத்துப் பர்வதமலை என்பார்கள். ஜவ்வாதுக்குப் போகிறவர்கள் பீமன் அருவியில் குளிக்கிறார்கள், காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கிறார்கள், சாமை வாங்கி வருகிறார்கள். ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்று, அங்குள்ள மலையாளி மக்கள் மழை வருவதற்கு, காற்று திரும்புவதற்கு, அருவி பெருகுவதற்கு என்ன வினைச்சொல் சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. "சத்தம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நகரத்துத் தமிழுக்கு அவை தேவை.

கரிசல் காட்டுக்கு ஒரு கி. ராஜநாராயணன் இருந்தார், அகராதியே போட்டார். ஜவ்வாதுக்கும் ஒன்று வேண்டும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைவதற்குப் பதில், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம்.