சாக்கு உண்மையில் மலிவானதா?

தக்காளியைச் சாக்கில் திணித்து லொறியில் அடுக்கினால், மேல்மூட்டையின் பாரம் அடிமூட்டையின் காய்களை நசுக்கும். பெட்டிகளை அடுக்கினால், அப்பாரத்தைப் பெட்டியின் சுவர்களே தாங்கும்.

இலங்கையில் 2011ஆம் ஆண்டின் இறுதியில், மரக்கறி ஏற்றுவதற்குப் பிளாத்திக்குப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டபோது கமக்காரரும் வியாபாரிகளும் எதிர்த்தனர். பெட்டியின் விலை, லொறியில் அது கொள்ளும் இடம், வெறும்பெட்டி திரும்பும் கூலி ஆகியன பற்றிய முறைப்பாடுகள் நியாயமானவையே. ஆயினும், சந்தையிற் கழிக்கப்படும் காயின் நட்டம் கமக்காரனையே சாருமாதலால், சாக்கு மலிவெனக் கொள்ளுதல் தவறு.

கிராமச் சங்கங்கள் பெட்டிகளைப் பொதுவில் வாங்கி, அடையாளமிட்டு, வாடகைக்கு விடுதல் தக்கது. காற்றுத்துளைகளும் வழுவழுப்பான உட்புறமும் உள்ள, வெறுமையானபின் ஒன்றினுள் ஒன்று அடங்கும் பெட்டிகளையே தெரிதல் வேண்டும். விளிம்புக்கு மேல் நிரப்பலாகாது. நிரப்பின், பெட்டியும் சாக்கைப்போலவே காயை நசுக்கும்.