வெட்டிய அட்டையில் தேதி எங்கே? முதியோர் இல்ல மருந்து டப்பாவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

சென்னை: மந்தைவெளி மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள். கைக்கு வரும் துண்டில் மருந்து பெயர் பாதி இருக்கும், காலாவதி தேதி இருக்காது.

வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறார் என்றால் சமாளிக்கலாம். இருபது பெரியவர்கள் தங்கும் முதியோர் இல்லத்திலோ, நர்சிங் ஹோமிலோ இந்த துண்டுகள் ஒரே டப்பாவில் கிடந்தால்? எது யார் மாத்திரை என்று நைட் டியூட்டி ஆயாதான் குத்துமதிப்பாக எடுக்கணும்.

தேதியின் அருமையை சென்னை 2010-ல் பார்த்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு போன காலாவதி மருந்துகளை பொறுக்கி, தேதியை மாற்றி விற்ற கும்பல் அப்போது போலீசில் சிக்கியது. ஊரே அட்டையை திருப்பித் திருப்பி பார்த்தது. அந்த உஷார் எத்தனை நாள் நீடித்ததோ!

இன்சுலினில் ஆபத்து இன்னும் அதிகம். ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை குப்பி உண்டு. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். சர்க்கரை சடாரென இறங்கி பெரியவர் மயங்கிப் போவார். தூங்குகிறார் என்று விட்டுவிட்டால் உயிருக்கே உலை.

பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கணும், ஃப்ரீசரில் கூடாது. பிரித்த தேதியை குப்பி மேல் எழுதணும். பெரும்பாலும் 4 வாரம்தான் கணக்கு.

ஆளுக்கொரு டப்பா, மேலே பெயர், வேளை. தூக்க மாத்திரைக்கு தனிப் பூட்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு மார்க்கர் பேனாவும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவும், ஒரு பூட்டும்தான். அப்பா, அம்மாவை பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள், பழத்தை கொடுத்த கையோடு அந்த டப்பாவையும் ஒருமுறை திறந்து காட்டச் சொல்லலாம்.