கடற்கரையில் சில நாள்

நுழையும்முன்

விடுமுறையில் கடற்கரைக்குச் சென்று திரும்புவோர் பலர். அங்கே அமைதியாகத் தங்கி வருவோர் சிலர். நாம் ஓய்வு கொள்ளும் ஊருக்கும் ஓய்வு வேண்டுமன்றோ? அதுகுறித்துச் சிந்திக்கத் தூண்டுகிறது இக்கட்டுரை.

மலையடியிலிருந்து அலையடிக்கு

சவ்வாது மலைத்தொடரை மேற்கே கொண்ட ஊர் கண்ணமங்கலம். காட்பாடி – விழுப்புரம் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூரின் பிள்ளைகளுக்கு மலை அன்றாடக் காட்சி; கடலோ விடுமுறைக் கனவு. விழுப்புரம் சென்று, அங்கிருந்து மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடியை அடையலாம். குறிஞ்சியில் வாழ்வோர் நெய்தலைக் காண இதைவிட நல்ல ஊர் அரிது. தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். பெயரிலேயே கடலைக் கொண்ட ஊர் அது.

ஆயினும், காலையில் இறங்கி, கோட்டையின்முன் நின்று படமெடுத்து, மாலையில் வண்டியேறுவதே நம் வழக்கமாகிவிட்டது. அதைப் பயணம் எனலாம். ஓய்வு என்று சொல்ல இயலாது. ஓரூரில் மூன்று நாளேனும் தங்கினால்தான் அவ்வூர் நம்மோடு பேசத் தொடங்கும் என்பது என் கருத்து.

தங்கினால் தெரிவன

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் இங்கே கோட்டை கட்டினர். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. 1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றனர். இவற்றைப் பாடநூலில் படித்துவிடலாம். ஆனால், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலைகள் அரித்துச் சென்றதை, அக்கரையில் நெடுநேரம் அமர்ந்திருப்பவரே உணர்வர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த ஊர் இது என்பதும் அப்போது நினைவில் எழும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. நிலம் கடலைவிட விரைந்து சூடேறுவதால், பிற்பகலில் கடற்காற்று கரைநோக்கி வீசும். வெயிலில் சோர்ந்த ஊர் அக்காற்றில் மீண்டும் உயிர்பெறும். நம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் ஏன் இணைத்தனர் என்பதற்கு அந்தத் திண்ணைக் காற்றே விளக்கம் தரும்.

கடலுக்கும் விடுமுறை

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் கடலுக்கு அளிக்கப்படும் ஓய்வு இது. நம் கோடை விடுமுறையும் இதே காலத்தில் வருகிறது. நாம் மகிழ வரும் நாள்களில், வருவாய் குறைந்த நிலையில் மீனவர் வலை செப்பனிடுகின்றனர், படகைப் பழுதுபார்க்கின்றனர். நாளைய மீனுக்காக இன்றைய வருமானத்தை விடுகின்றனர். ஓய்வின் உண்மைப் பொருளை அவர்களிடமே கற்க வேண்டும்.

சுற்றுலா வளர்ந்தால் ஊருக்கு வருவாய் பெருகும் என்பர். உண்மைதான். ஆயினும், படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பை விடுதிகளும் கடைகளும் எடுத்துக்கொண்டால், அவ்வருவாய் யாருக்கு? நமக்குக் கடற்கரை பொழுதுபோக்கும் இடம். மீனவருக்கோ உழவரின் களத்துமேடு போன்றது. களத்தில் செருப்போடு நடக்கத் தயங்கும் நாம், வலைமீது நடக்கவும் தயங்க வேண்டும். அவ்வூர்ப் பெண்கள் விற்கும் மீனையும் கருவாட்டையும் பேரம் பேசாமல் வாங்குவது, தங்கியதற்கு நாம் செலுத்தும் சிறு நன்றி.

ஊர் திரும்பிய பின்னும் இக்கடமை முடிவதில்லை. சவ்வாது மலையில் பிறந்து கண்ணமங்கலம் வழியே ஓடும் நாகநதி, கமண்டல நதியோடு கூடிச் செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து கடலை அடைகிறது. நாகநதியில் நாம் எறியும் நெகிழிப்பை ஒரு மழைக்காலத்தில் கடலுக்குச் சென்றுவிடும். கடலைக் காக்கும் பொறுப்பு மலையடியிலேயே தொடங்குகிறது.